இரவல் வழக்கங்கள்: எதை எடுப்பது, எதை விடுவது?



சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை, செபமாலை முடிந்து கோவில் கதவைச் சாத்தும் வேளையில், கட்டுகஸ்தோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு தாயும் தகப்பனும் என்னைக் காண வந்தார்கள். அவர்களுடைய மூத்த மகளுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை சிங்களக் கத்தோலிக்கர். நல்ல பிள்ளை, ஞாயிறு பூசை தவறாதவர். ஓலை வாசிப்பதற்கான நாளைக் குறித்துக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறார்கள் என்று நான் எண்ணினேன். நாளும் குறித்தாயிற்று. ஆனால் அவர்கள் எழுந்திருக்கவில்லை.

மெல்ல மெல்லப் பேச்சு வெளிவந்தது. பூசைக்குப் பின் நகரத்து ஹோட்டலில் நடக்கும் விருந்தில் ‘போருவ’ மேடை வைத்து, தங்கள் வழக்கப்படி சடங்கு செய்ய வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்கிறார்கள். தாலியும் கூறைச் சீலையும் ஆரத்தியும் இல்லாமல் என் பிள்ளையின் கலியாணமா என்று தாய் கேட்கிறார். மகளோ வெள்ளைக் கவுண், அடுக்குக் கேக், கலியாணத்துக்கு முன்பே பேராதனைப் பூங்காவில் ‘பிறீ சூட்’ படப்பிடிப்பு, இரண்டாம் நாள் ‘ஹோம் கமிங்’ விருந்து என்று தன் தோழிகளுக்கு நடந்த எல்லாவற்றையும் விரும்புகிறாள். இவற்றையெல்லாம் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். பேசித் தீர்க்க முடியாத ஒன்று கடைசியில் வந்தது. “அம்மா, பொட்டு மட்டும் வேண்டாம்” என்றாளாம் மகள். ஏன் என்று கேட்டதற்கு, “படத்தைப் பார்க்கிற ஆட்கள் உடனே கண்டுகொள்வார்கள்” என்றாளாம்.

அந்தத் தகப்பன் என்னிடம் கேட்ட கேள்வி இதுதான்: “சுவாமி, எல்லாவற்றையும் மற்றவர்களிடமிருந்தே எடுத்துக்கொண்டு போனால், கடைசியில் எங்களுடையது என்று என்ன மிஞ்சும்?”

நான் உடனே பதில் சொல்லவில்லை. சொல்ல வரவில்லை என்பதே உண்மை. இந்த வாரம் அந்தக் கேள்வியை உங்கள் முன் வைத்துச் சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன். ஏனெனில், கண்டியிலும் அதைச் சூழ்ந்த தோட்டங்களிலும் வாழும் நம் குடும்பங்களில், இந்தக் கேள்வி ஏதோ ஓர் உருவத்தில் நுழையாத வீடு இல்லை.

நம் வீட்டில் நம்முடையது எது?

முதலில் நம் வீட்டுக்குள்ளேயே சற்றுச் சுற்றிப் பார்ப்போம். காலையில் எழுந்து யன்னலைத் திறக்கிறோம். கதிரையில் அமர்கிறோம். மேசையில் பாண் இருக்கிறது. அலுமாரியிலிருந்து உடுப்பை எடுத்து, சப்பாத்தை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறோம். யன்னல், கதிரை, மேசை, பாண், அலுமாரி, சப்பாத்து ஆகிய இவ்வளவு சொற்களும் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தவை. பொருளோடு சேர்ந்தே சொல்லும் வந்தது. நம் பெரியோர் வேலை செய்த ‘கந்தோரும்’, காசு வைத்த மேசை ‘லாச்சியும்’ ஒல்லாந்தர் விட்டுச் சென்றவை. மிளகாய் இல்லாமல் நமக்குக் கறி இல்லை. ஆனால் மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கேயரின் கப்பல்கள் வந்த பிறகே அது நம் அடுப்படிக்கு வந்தது. அதற்கு முன் நம் முன்னோர் காரத்துக்கு மிளகையே நம்பியிருந்தார்கள்.

தேத்தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். வந்தவருக்கு ஒரு கோப்பை தேத்தண்ணீர் கொடுக்காமல் அனுப்புவது நம் வீடுகளில் மரியாதைக் குறைவு. ஆனால் தேயிலை அருந்துவது சீன நாட்டு வழக்கம். ‘தே’ என்ற சொல்லே சீனத்தின் தென்கரை மக்களுடைய சொல். கண்டிக்கு அருகே ஹேவாஹெட்டைப் பகுதியின் லூல்கந்துரத் தோட்டத்தில், 1867-ம் ஆண்டு யேம்ஸ் டெயிலர் என்ற ஸ்கொத்லாந்துக்காரர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அதன் பின் கோப்பிச் செடிகளை இலைத் துரு நோய் அழித்தது. மலைச் சரிவெங்கும் தேயிலை பரவியது. அந்தச் செடியை வளர்க்கத் தமிழகத்திலிருந்து வந்த நம் மூதாதையரில் பெரும்பாலோர், தம் சொந்த ஊரில் தேயிலையைக் கண்டதும் இல்லை; குடித்ததும் இல்லை. இன்று அது நம் விருந்தோம்பலின் அடையாளம்!

நத்தார்க் கேக்கையும் பாருங்கள். ஆங்கிலேயரின் பழக் கேக்குத்தான் அது. ஆனால் நம் நாட்டுப் பெண்கள் அதில் ரவையைச் சேர்த்தார்கள். கஜுவை அரிந்து போட்டார்கள். பூசணித் தோசியைச் சேர்த்தார்கள். இன்று ஓர் ஆங்கிலேயர் வந்து உண்டால், இது எங்கள் ஊர்ப் பலகாரம் அல்லவே என்று வியப்பார். இரவல் வாங்கியதை நம் கைப்பக்குவத்தால் நமதாக்கிக்கொண்டோம்.

ஆகவே தகப்பனின் கேள்விக்கு முதற் பதில் இது: மற்றவரிடமிருந்து எடுப்பது அதுமட்டில் குற்றமன்று. அயலாரிடம் எதையுமே வாங்காத பண்பாடு உலகில் எங்கும் இல்லை. அப்படி ஒன்று இருந்ததாகச் சொல்வோர், தம் பாட்டனுக்கு முந்திய காலத்தை மறந்தவர்கள்.

நாம் வாழும் நகரத்தின் கதை

கண்டி நகரம் இதற்கு நல்ல சாட்சி. 1739-ம் ஆண்டு முதல் 1815-ம் ஆண்டு வரை இந்தச் சிங்கள இராச்சியத்தை ஆண்டவர்கள், மதுரைப் பக்கத்திலிருந்து வந்த நாயக்க குலத்தவர்கள். அவர்களில் ஒருவரான கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் (1747–1782) பௌத்த மறுமலர்ச்சிக்குப் பெருந்தொண்டு செய்தார். சீயம் நாட்டிலிருந்து பிக்குகளை வரவழைத்து, அற்றுப்போயிருந்த உபசம்பதா என்னும் பிக்குப் பட்டத்தை 1753-ம் ஆண்டு மீண்டும் தொடக்கியது அவருடைய காலத்திலேதான். அதற்கு முன் தேவாலயங்களின் ஊர்வலமாக இருந்த எசலப் பெரகராவில் புனித தந்தத்துக்கு முதலிடம் வந்ததும் அவருடைய காலத்திலேதான். இன்றும் அந்தப் பெரகராவில் தலதா மாளிகைக்குப் பின்னே நாத, விஷ்ணு, கதிர்காமம், பத்தினி ஆகிய நான்கு தேவாலயங்களின் ஊர்வலங்கள் வருகின்றன. அந்தப் பத்தினி தெய்யோ வேறு யாருமல்லர். தமிழர் நன்கறிந்த கண்ணகியே. கண்டியின் தனிப் பெருமை என்று உலகம் காண வரும் திருவிழாவில், சிங்களவரும் தமிழரும் சீயத்தவரும் ஒருவரிடம் ஒருவர் வாங்கியது கலந்திருக்கிறது.

நம் திருச்சபை தடுமாறிய இடங்கள்

இந்தக் கேள்வி திருச்சபைக்கும் புதிதன்று. அப்போஸ்தலர்கள் காலத்திலேயே, ஏறத்தாழ கி.பி. 49-ம் ஆண்டில், யெருசலேமில் கூடிய சங்கத்தின் முன் இதே கேள்விதான் இருந்தது. யூதரல்லாதவர் கிறிஸ்தவராகும்போது யூதரின் வழக்கங்கள் அனைத்தையும் ஏற்க வேண்டுமா? வேண்டியதில்லை என்று சங்கம் தீர்த்தது. இராயப்பரும் சின்னப்பரும் யாகப்பரும் அன்று வேறுவிதமாகத் தீர்த்திருந்தால், நீங்களும் நானும் இன்று எந்த நிலையில் இருப்போமோ!

ஆனால் அந்த முதற் பாடத்தை நாம் எப்போதும் நினைவில் வைத்திருக்கவில்லை. 1606-ம் ஆண்டு மதுரைக்கு வந்த தத்துவ போதகர் ரொபேர்ட் தே நோபிலி அடிகளார், காவியுடுத்தி, மரக்கறியுணவு உண்டு, தமிழும் வடமொழியும் கற்று, இந்நாட்டுத் துறவிபோல வாழ்ந்தார். அவருடைய உடன்பணியாளர் சிலரே அவர்மேல் முறையிட்டனர். 1623-ம் ஆண்டு பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். சீனத்திலோ நேர்மாறாக நடந்தது. சீனக் கிறிஸ்தவர்கள் இறந்த முன்னோருக்குச் செய்யும் வணக்கத்தை உரோமாபுரி 1704-ம் ஆண்டு தடைசெய்தது. அது குடும்ப மரியாதையா, வழிபாடா என்பதே வழக்கு. அந்தத் தடை தளர்ந்தது 1939-ம் ஆண்டில். இடையில் கழிந்தவை 235 ஆண்டுகள். அத்தனை தலைமுறைச் சீனக் கத்தோலிக்கர், தம் தாய் தந்தையரின் பெயர்ப் பலகை முன் தலைவணங்க முடியாமல் வாழ்ந்து மடிந்தார்கள். அவசரமான ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்கும் விலை உண்டு என்பதை இது காட்டவில்லையா?

அதேபோல் அவசரமான ‘ஆம்’ என்ற சொல்லுக்கும் விலை உண்டு. தே நோபிலி அடிகளாரை நாம் போற்றுகிறோம், போற்றத்தான் வேண்டும். எனினும், அவர் ஏற்றுக்கொண்ட வழக்கங்களோடு சாதிப் பிரிவும் சேர்ந்தே வந்தது. உயர்ந்தோர் எனப்பட்டவர்களுக்குத் தனிக் குருவானவர், தாழ்ந்தோர் எனப்பட்டவர்களுக்குத் தனிக் குருவானவர் என்று ஆயிற்று. ஒரு மக்களின் வழக்கத்தை மரியாதையோடு ஏற்கும்போது, அந்த வழக்கத்துக்குள் ஒளிந்திருக்கும் அநீதியையும் அறியாமல் ஏற்றுவிட முடியும்.

இங்கே நாம் ஒரு முக்கியமான படியை அடைகிறோம். ‘நம்முடையது’, ‘அவர்களுடையது’ என்ற பிரிவு நன்மை தீமையை அளக்கும் கோல் ஆகாது. சீதனம் நம்முடைய வழக்கம்தான். எத்தனை தலைமுறையாகவோ நம்முடையது. அதற்காக அது நல்லதாகிவிடுமா? மகளைக் கரைசேர்க்க வீட்டை ஈடுவைத்த தகப்பன்மாரைக் கேட்டுப் பாருங்கள். பெண் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பும் வழக்கத்தை நாம் பெரிதும் மற்றவரைப் பார்த்தே கற்றோம். அதற்காக அது கெட்டதாகிவிடுமா? உலகத்தோடு ஒத்து வாழத் தெரியாதவர், பல நூல் கற்றும் அறிவில்லாதவரே என்று வள்ளுவரும் ஒழுக்கத்தைப் பற்றிய அதிகாரத்திலேயே சொல்லி வைத்தார். ஒத்து வாழ்வதும் ஒழுக்கத்தின் பகுதிதான். ஆனால் எதனோடு ஒத்துப்போவது, எதுவரை ஒத்துப்போவது?

மூன்று கேள்விகள்

ஒரு வழக்கம் நம் வாசலில் வந்து நிற்கும்போது, அதனிடம் மூன்று கேள்விகளைக் கேட்கலாம் என்பது என் எண்ணம்.

முதலாவது: இந்த வழக்கம் என்ன சொல்கிறது? ஒவ்வொரு சடங்கும் வாய் திறவாமல் எதையோ சொல்கிறது. போருவ மேடையில் பெரியவர் ஒருவர் மணமக்களின் சுண்டுவிரல்களை நூலால் கட்டி நீர் வார்க்கிறார். “இருவரும் ஒன்றானீர்கள்” என்பதே அதன் பொருள். நம் சைவச் சகோதரர் இல்லங்களில் தாரை வார்ப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். தண்ணீர் இரண்டு இடத்திலும் சாட்சி சொல்கிறது. இதில் நம் விசுவாசத்துக்கு முரணாக எதைக் காண்பது? ஆனால் அந்த மேடையில் ஏறும் நிமிடத்தைச் சோதிடர் குறித்துக் கொடுத்த நல்ல நேரம்தான் தீர்மானிக்கும், அது தவறினால் வாழ்க்கை கெடும் என்று நம்பினால், அது வேறொன்றைச் சொல்கிறது. நம் வாழ்வு தந்தையாகிய இறைவனின் கையில் இல்லை, கிரகங்களின் கையில் இருக்கிறது என்று அது சொல்கிறது. அதை நாம் ஏற்க முடியாது. சிங்களவர் வழக்கம் என்பதற்காக அதை மறுக்கவில்லை. தமிழர் குறிக்கும் முகூர்த்தத்துக்கும் இதே பதில்தான்.

வேதாகமத்தில் தானியேலைப் பாருங்கள். பபிலோன் அரண்மனையில் அவருக்குப் புதிய பெயர் வைத்தார்கள், ஏற்றுக்கொண்டார். கல்தேயரின் மொழியையும் கல்வியையும் கற்பித்தார்கள், கற்றுத் தேர்ந்தார். அரசனின் பந்தி உணவை மட்டும் மறுத்தார். பெயரையே விட்டுக்கொடுத்தவர் உணவுக்கு ஏன் பிடிவாதம் பிடித்தார் என்று நமக்குத் தோன்றலாம். தம்மைத் தீட்டுப்படுத்தி, தம் இறைவனோடு உள்ள உறவைத் தொடும் இடம் எது என்பதை அவர் அறிந்திருந்தார். அங்கே நின்றார், மற்ற இடங்களில் வளைந்துகொடுத்தார்.

இரண்டாவது: இதன் செலவை யார் தாங்குகிறார்கள்? காசுச் செலவை மட்டும் சொல்லவில்லை, அதையும் சொல்கிறேன். பிறீ சூட் படப்பிடிப்பிலோ அடுக்குக் கேக்கிலோ பாவம் எதுவும் இல்லை. ஆனால் முதல் வீட்டார் செய்தார்கள் என்று இரண்டாம் வீட்டார் செய்ய, இரண்டாம் வீட்டார் செய்தார்கள் என்று மூன்றாம் வீட்டார் கடன்பட, கலியாணம் முடிந்து மூன்று வருடம் வட்டி கட்டும் குடும்பங்களை நான் அறிவேன். தோட்டத்து லயத்தில் நாட்கூலிக்கு வாழும் தகப்பனிடம் நகரத்து ஹோட்டல் விருந்தைக் கேட்பது, வழக்கத்தை எடுப்பது அன்று, சுமையை ஏற்றுவது. இறந்தவர் வீட்டில் ஏழாம் நாளும் மூன்றாம் மாதமும் ஊருக்குச் சாப்பாடு கொடுக்கும் வழக்கத்தை நம்மில் பலர் பௌத்த அயலவரிடமிருந்து எடுத்திருக்கிறார்கள். ஏழைக்கு உணவளித்து இறந்தவருக்காகச் செபிப்பது நமக்கும் உகந்ததே. வந்தவர்களில் ஏழை ஒருவரும் இல்லை, கறி எத்தனை என்று எண்ணவே வந்தார்கள் என்றால், அயலவரின் தானத்திலிருந்த தானத்தை விட்டுவிட்டுச் சட்டியை மட்டும் தூக்கி வந்திருக்கிறோம்.

மூன்றாவது: நான் இதை ஏன் எடுக்கிறேன்? அன்பினாலா, பகட்டினாலா, பயத்தினாலா? இந்த மூன்றாவது கேள்விதான் மிகக் கடினமானது. ஏனெனில் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மூன்றும் ஒன்றுபோலவே தெரியும். பதில் எடுப்பவரின் நெஞ்சுக்குள் இருக்கிறது.

பயம் கற்பித்த வழக்கம்

அன்பினால் எடுத்தவருக்கு நம் கண்டி நகரிலேயே பெரிய எடுத்துக்காட்டு உண்டு. கோவாவிலிருந்து வந்த புனித யோசேவாஸ் அடிகளார் 1687-ம் ஆண்டு கூலியாள் வேடத்தில் இலங்கையில் கால் வைத்தார். ஒல்லாந்தர் கத்தோலிக்க மதத்தைத் தடைசெய்திருந்த காலம் அது. யாழ்ப்பாணத்தில் தமிழ் கற்றார். 1692-ம் ஆண்டு கண்டிக்கு வந்தபோது ஒற்றன் என்று சிறையிடப்பட்டு, அந்தச் சிறையிலேயே சிங்களம் கற்றார். 1697-ம் ஆண்டு இந்நகரில் வைசூரி பரவியபோது, கைவிடப்பட்டவர்களை இனம் மதம் பாராமல் தூக்கிப் பராமரித்தார். 1711-ம் ஆண்டு தை மாதம் 16-ம் திகதி இங்கேயே இறந்தார். 2015-ம் ஆண்டு பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பிலே அவரைப் புனிதராக உயர்த்தினார். அவர் தம்மை மறைத்துக்கொண்டதும் உண்டு. வேடம் பூண்டதும் உண்டு. ஆனால் எவருக்காக மறைத்தார்? விசுவாசிகளிடம் போய்ச் சேர்வதற்காக மறைத்தார். அவர் கற்ற மொழி, மக்களை அணுகுவதற்குக் கற்ற மொழி.

இப்போது நம் கதைக்கு வருவோம். 1983-ம் ஆண்டு யூலை மாதத்தில் வீதியில் இறங்கிய தமிழ்ப் பெண்கள் நெற்றிப் பொட்டை அழித்துவிட்டு நடந்தார்கள். கண்டியிலும் சுற்றுப்புறத்திலும் கடைகளும் வீடுகளும் எரிந்த நாட்கள் அவை. தம் உயிரையும் கைப்பிள்ளையின் உயிரையும் காக்கப் பொட்டை அழித்த தாய்மாரை எவர் குறைசொல்லத் துணிவார்? அந்த வெட்கம் அவர்களுடையதன்று. பொட்டைப் பார்த்து ஆளை அடையாளங்கண்டவர்களுடையது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஒரு காலத்தில், பொட்டு சைவரின் அடையாளம், கத்தோலிக்கப் பெண் வைக்கலாகாது என்று நம் பெரியோர் பலர் தடுத்தார்கள். வீதியில் நின்றவர்களோ, நீ சைவமா வேதமா என்று விசாரிக்கவில்லை.

அந்த நாட்கள் கடந்தன. ஆனால் அந்த நாட்கள் கற்பித்த பழக்கம் கடந்ததா? பஸ்ஸில் தமிழில் கதைக்காதே என்று பிள்ளையின் கையைக் கிள்ளிய தாய், ஏன் என்று விளக்கவில்லை. அந்தப் பிள்ளை வளர்ந்து, தன் பிள்ளையின் கையைக் கிள்ளுகிறது. ஏன் என்று அதற்கே தெரியாது. காரணம் மறந்துபோன பிறகும் பயம் ஒரு நாகரிகம்போல வீட்டில் தங்கிவிடுகிறது.

இதை எழுதும் நானும் இதற்கு விலக்கல்லன். அம்பிட்டியில் நான் குருமாணவனாக இருந்த காலம். வீதிகளில் சோதனைச் சாவடிகள் நின்ற நாட்கள். ஒரு நாள் கண்டிக்குப் போகும் பஸ்ஸில், கையில் மருந்துத் துண்டோடு ஒரு தோட்டத்துப் பாட்டி என் பக்கத்தில் அமர்ந்தார். என் முகத்தில் எதைக் கண்டாரோ, “தம்பி, ஆஸ்பத்திரிக்கு எங்க எறங்கணும்?” என்று தமிழில் கேட்டார். முன்னும் பின்னும் ஆட்கள் இருந்தார்கள். நான் சிங்களத்தில் பதில் சொன்னேன். சரியான பதில்தான், இறங்கும் இடத்தைத் தெளிவாகத்தான் சொன்னேன். பாட்டியின் முகம் சுருங்கியது. தவறான ஆளிடம் கேட்டுவிட்டோம் என்று எண்ணினாரோ என்னவோ, தமக்குத் தெரிந்த சிங்களத்தில் “ஸ்தூதி மாத்தயா” என்று தலைகுனிந்து சொல்லிவிட்டு, வழியெல்லாம் வேறு எவரிடமும் வாய் திறக்கவில்லை. இருபது வருடங்களுக்கு மேலாயிற்று. எத்தனையோ பிரசங்கங்களை மறந்துவிட்டேன். அந்த ‘ஸ்தூதி’யை மறக்க முடியவில்லை.

அன்று நான் செய்த பிழை என்ன? சிங்களம் பேசியது பிழையன்று. சிங்களம் நல்ல மொழி. நம் அயலவரின் மொழி. நம் பிள்ளைகள் அதைத் திருத்தமாகக் கற்க வேண்டும் என்று ஒவ்வொரு பெற்றோரிடமும் வற்புறுத்துகிறேன். யோசேவாஸ் அடிகளார் சிறையில் கற்றதும் அதே சிங்களம்தான். அவர் அதைக் கற்றது மனிதரை அணுகுவதற்கு. நான் அன்று அதைப் பேசியது ஒரு மனிதரிடமிருந்து விலகிக்கொள்வதற்கு. மொழி ஒன்றே, நெஞ்சு வேறு.

மக்கபே ஆகமத்தில் எலெயாசார் என்னும் 90 வயது முதியவரின் வரலாறு உண்டு. அரசனின் ஆட்கள் விலக்கப்பட்ட இறைச்சியை உண்ணும்படி அவரை வற்புறுத்தினார்கள். நண்பர்கள் இரங்கி, நீர் உண்ணத் தகுந்த இறைச்சியைக் கொண்டு வாரும், அதை உண்பதுபோல நடித்தாலே போதும் என்றார்கள். அவர் மறுத்து உயிரைக் கொடுத்தார். தாம் நடித்தால், அதைப் பார்க்கும் இளைஞர் உண்மையென்று நம்பிக் கெடுவார்கள் என்பதே அவருடைய கவலை. அந்த வீரத்தை எல்லாரிடமும் கேட்க எனக்கு உரிமையில்லை. பஸ்ஸில் ஒரு பாட்டிக்குத் தமிழில் பதில் சொல்லக்கூடத் துணிவில்லாதவன் எப்படிக் கேட்பேன்? ஆனால் அவருடைய கவலையை நாம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். நாம் பயத்தால் செய்வதைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். நமக்கு வேடமாக இருந்தது அவர்களுக்கு முகமாகிவிடுகிறது.

“சுவாமி, பிள்ளைகள் பிழைக்க வேண்டாமா?” என்று நீங்கள் கேட்கலாம். பிழைக்கத்தான் வேண்டும். நீர்கொழும்பு முதல் சிலாபம் வரையுள்ள கரையோரத்தில், தமிழ் பேசிய கத்தோலிக்கக் குடும்பங்கள் பல சில தலைமுறைக்குள் சிங்களம் பேசும் குடும்பங்களாயின. அவர்களின் விசுவாசம் கெடவில்லை, அவர்கள் நம் சகோதரர்கள், நல்ல கத்தோலிக்கர்கள். ஆகவே மொழி மாறினால் ஆன்மா அழிந்துபோகும் என்று நான் பயமுறுத்த மாட்டேன். நான் சொல்வது சிறிய விடயம். ஒரு மொழி வீட்டைவிட்டுப் போகும்போது, ஒரு பாட்டிக்கும் ஒரு பேரப்பிள்ளைக்கும் நடுவில் கதவு ஒன்று சாத்தப்படுகிறது. அந்தக் கதவைச் சாத்துவதானால், யோசித்துச் சாத்துங்கள், தெரியாமல் சாத்திவிடாதீர்கள். ஒன்றைக் கற்பதற்கு இன்னொன்றை மறப்பது கட்டணம் அன்று. இரண்டு மொழியிலும் பரலோக மந்திரம் சொல்லும் பிள்ளைகள் நம் பங்குகளில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

வாங்குவதும் கொடுப்பதும்

இன்னும் ஒன்று. இரவல் வாங்கினவர், யாரிடம் வாங்கினோம் என்பதை மறக்கக் கூடாது. பக்கத்து முஸ்லிம் வீட்டாரின் நோன்புப் பெருநாள் வட்டிலப்பத்தை உண்டு மகிழ்கிறோம். நம் வீட்டிலும் செய்யப் பழகிவிட்டோம். நத்தாருக்கு நம் கேக் அந்த வீட்டுக்குப் போகிறதா? சித்திரைப் புத்தாண்டுக்குச் சிங்கள அயலவர் தட்டில் பாற்சோறும் கொக்கிசும் அனுப்புகிறார்கள். தைப்பொங்கலன்று நம் கோவில் முற்றத்தில் பொங்கும் பானையைப் பார்க்க அவர்களை அழைத்தோமா? குத்துவிளக்கின் உச்சியில் சேவலுக்குப் பதிலாகச் சிலுவையை வைத்து ஏற்றுகிறோம், நல்லது. அந்த விளக்கை எந்த அயலவரிடம் கண்டு எடுத்தோம் என்று பிள்ளைகளுக்குச் சொன்னோமா? வாங்குவதை மட்டும் அறிந்து கொடுப்பதை அறியாதவன் கடனாளி. கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை என்று நினைப்பவனோ, தன் தாய் வீட்டை மறந்தவன்.

அந்தத் திருமணம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். இந்த மூன்று கேள்விகளையும் ஒரு கடதாசியில் எழுதிக் கொடுத்தேன். இரண்டு குடும்பமும் சேர்ந்திருந்து பேசுங்கள் என்று மட்டும் சொன்னேன். பிறகு தாய் வந்து சொன்னார். மாப்பிள்ளையின் தாயார், “தாலி என்றால் என்ன, அதில் ஏன் புறா இருக்கிறது, எங்களுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லையே” என்று கேட்டாராம். சொன்னதும், “அப்படியானால் அதை ஏன் ஒளித்துச் செய்ய வேண்டும்? பீடத்தின் முன் எல்லாரும் பார்க்கக் கட்டட்டும்” என்றாராம். போருவ மேடையும் நடந்தது. சோதிடர் நேரம் கேட்கவில்லை. பிறீ சூட் நடக்கவில்லை. அந்தக் காசு தகப்பனின் கடனுக்குப் போயிற்று. அதில் மகளுக்குக் கொஞ்சம் மனவருத்தம். அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

பொட்டைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லவில்லை. மகள் தானே வந்து கேட்டாள். “பிள்ளை, உனக்கு விருப்பமில்லாவிட்டால் வைக்காதே; அதனால் நீ தமிழச்சியும் அல்லாமல் போகமாட்டாய், கத்தோலிக்கரும் அல்லாமல் போகமாட்டாய். ஆனால் பயத்தினால் வைக்காமல் விடாதே. நீ பயப்படுவதானால், அந்தப் பயத்தை உன்னைக் கட்டப்போகிறவரிடம் முதலில் சொல்லு” என்றேன். அவள் நெடுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “பாதர், அவரிடம் இதை ஒருநாளும் நான் சொன்னதில்லை” என்றாள். திருமணத்துக்கு அவள் பொட்டு வைத்தாளா இல்லையா என்பதை நான் எழுதப்போவதில்லை. அவரிடம் அவள் சொன்னாள் என்பதை மட்டும் அறிவேன்.

அன்பான பெற்றோரே, இந்த வாரம் குடும்பச் செபம் முடிந்ததும் எழுந்து போகாமல் சற்று அமருங்கள். நம் வீட்டில் நாம் செய்கிறவற்றில் அன்பினால் வந்தது எது, பகட்டினால் வந்தது எது, பயத்தினால் வந்தது எது என்று பிள்ளைகளோடு கதையுங்கள். பாட்டனாரும் பாட்டியும் இருந்தால் அவர்களை முதலில் கதைக்க விடுங்கள். நாம் ஒருபோதும் கேட்காத காரணங்கள் அவர்களிடம் இருக்கும்.